நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா: நிபுணரைத் தேடுவது முதல் மருந்தைத் தேர்ந்தெடுப்பது வரை

ரிப்போர்ட்டில் சி.எம்.எல். (நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்) என்று வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "இதுக்கு எந்த மருந்து நல்லது?" என்றுதான். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் ஐந்து இருக்கின்றன. அந்த வரிசை தப்பினால், இரண்டு வருடம் கழித்து மருத்துவர் ஒரு விவரம் கேட்கும்போது கையில் இருக்காது, அப்போது போய் எடுக்கவும் முடியாது.

நான் மருத்துவன் அல்ல. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்து கூடவே அலைந்தவன். அப்புறம் புதிதாக வருகிறவர்களுக்கு ஃபைல் அடுக்கிக் கொடுத்துப் பழகியவன். மருந்து முடிவு உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலானது. அந்த முடிவுக்குத் தயாராகப் போய் உட்காருவது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. நோயின் பெயரை முழுதாகக் கேளுங்கள்

"நாட்பட்ட லுக்கேமியா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. முக்கியமானவை இரண்டு: சி.எம்.எல்., சி.எல்.எல். (நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா). எழுத்தில் ஒன்றுதான் வித்தியாசம், வைத்தியம் முழுக்க வேறு. சி.எம்.எல். உறுதியானால் தாமதிக்காமல் மாத்திரை தொடங்குவார்கள். சி.எல்.எல்.லில், தொந்தரவு இல்லாத ஆரம்ப நிலை என்றால் மருந்தே கொடுக்காமல் கண்காணிப்பார்கள். அது அலட்சியம் அல்ல. அந்தக் கட்டத்திலேயே மருந்து தொடங்குவதால் ஆயுள் கூடும் என்று நிரூபணம் ஆகவில்லை. பின்னால் மருந்து தேவைப்பட்டாலும் இப்ருட்டினிப், அகலாப்ருட்டினிப், வெனிட்டோகிளாக்ஸ் என்று அந்த வரிசையே வேறு.

சி.எல்.எல். உள்ள ஒருவர் எங்கோ சி.எம்.எல். பற்றிப் படித்துவிட்டு, "எனக்கு ஏன் இமாட்டினிப் தரவில்லை?" என்று மருத்துவரிடம் சண்டைக்கே போனார். இனி இங்கே வருவது சி.எம்.எல். பற்றி மட்டும்.

இன்னொன்று. வெள்ளையணு எண்ணிக்கை மிக உயர்ந்திருக்கும்போது மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, கடும் தலைவலி இதில் எது இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் அணுக்களால் தடித்துச் சிறு நாளங்களில் தேங்குவதால் வரும் நிலை அது, காத்திருக்கக் கூடாது.

2. முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்தாக வேண்டியவை

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அணுக்கள் குறைந்துவிடும், மண்ணீரல் சுருங்கிவிடும். ஆரம்ப நிலை என்ன என்பதை அதற்குப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் முழு ரத்த எண்ணிக்கை. மொத்த வெள்ளையணு மட்டும் போதாது; வகைவாரியான கணக்கு வேண்டும். அதில் பிளாஸ்ட் என்ற முதிராத அணுக்கள் எத்தனை சதவீதம், பேசோஃபில் எத்தனை, பிளேட்லெட் எவ்வளவு என்பவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து மண்ணீரல். ஸ்கேன் எடுத்திருந்தாலும் மருத்துவர் கையால் பார்த்து எழுதுவது அவசியம். உங்களைப் படுக்க வைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லி, இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்துவார். மூச்சை இழுக்கும்போது மண்ணீரலின் முனை இறங்கி வந்து விரலில் தட்டும். விலா விளிம்பிலிருந்து அந்த முனை வரை எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் தேவையான எண். "மண்ணீரல் வீங்கியிருக்கிறது" என்ற வரியை வைத்து ஒன்றும் கணக்கிட முடியாது.

ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், வயது, மண்ணீரல் அளவு, பிளேட்லெட், பிளாஸ்ட் சதவீதம் ஆகிய நான்கையும் வைத்துத்தான் சோக்கால், இ.எல்.டி.எஸ். என்ற ஆபத்து மதிப்பெண்களைப் போடுகிறார்கள். மருந்துத் தேர்வில் அது நேரடியாக வந்து நிற்கும். வெள்ளையணுவை இறக்க ஹைட்ராக்சியூரியா கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் இந்த நான்கு எண்களும் அதற்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

மூன்றாவது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. "ரத்தத்திலேயே தெரிந்துவிட்டதே, எதற்கு முதுகில் ஊசி?" என்று கேட்பார்கள். இந்த நோயின் அடையாளமான பிலடெல்பியா குரோமோசோம் இருக்கிறது என்பதை ரத்தமே சொல்லிவிடும், உண்மைதான். ஆனால் அதோடு கூட வேறு குரோமோசோம் மாற்றங்கள் இருக்கின்றனவா, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு மஜ்ஜை வேண்டும். பெரும்பாலானோருக்கு இது ஆரம்பத்தில் ஒரு முறைதான்.

நான்காவது, பலருக்குப் பெயரே தெரியாத ஒன்று: இந்த நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணுவின் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ஆர்.என்.ஏ. நகல், எந்த வகை என்பது. பெரும்பாலானோருக்கு பி210 என்ற வழக்கமான வகைதான் இருக்கும். சிலருக்கு பி190, பி230 போன்ற அரிய வகை. நோயின் அளவைப் பார்க்கும் வழக்கமான பிசிஆர் (PCR) பரிசோதனை அந்த அரிய வகைகளைப் பிடிக்காமல் போகலாம். ஆரம்பத்தில் வகை பார்க்காமல் விட்டு, ஆறு மாதம் கழித்து "பூஜ்யம்" என்று ரிப்போர்ட் வந்தால், நோய் குறைந்ததா, பரிசோதனைக்குத் தெரியவில்லையா என்று எப்படிப் பிரித்தறிவது?

மற்றவை சுருக்கமாக: இசிஜி, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம், மக்னீசியம், ஹெபடைட்டிஸ் பி. கடைசியாகச் சொன்னது முக்கியம். உடலில் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் இந்த மாத்திரைகளால் மறுபடி கிளம்பலாம். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் சேரும்.

3. ஃபைலின் முதல் பக்கம்

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்குங்கள், பழையது கீழே, புதியது மேலே. அதற்கும் மேலே ஒரே ஒரு தாள். அதில் நோய் உறுதியான தேதி, ஆரம்ப எண்கள், டிரான்ஸ்கிரிப்ட் வகை, மற்ற நோய்கள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். வலி மாத்திரை, வாயு மாத்திரை, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை எல்லாமே அந்த "எல்லா"வில் அடக்கம். நேரம் குறைவாக உள்ள மருத்துவர் தடித்த ஃபைலைப் புரட்டமாட்டார், ஒரு தாளை முழுக்கப் படிப்பார்.

4. யாரைப் பார்ப்பது

ரத்தநோய் நிபுணர், அதாவது ஹீமட்டாலஜிஸ்ட். புற்றுநோய் மருத்துவர் எல்லோரும் இதில் ஒரே அளவு பழக்கம் உள்ளவர்கள் அல்ல. கட்டிகளையே அதிகம் பார்க்கிறவருக்கு சி.எம்.எல். எப்போதாவது வரும் நோய். பெயர்ப்பலகையை விட மூன்று கேள்விகள் உதவும்: எத்தனை சி.எம்.எல். நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கிறார்? பிசிஆர் எங்கே செய்கிறார்கள், முடிவு ஐ.எஸ். என்ற சர்வதேச அளவுகோலில் வருகிறதா? மருந்து கேட்கவில்லை என்றால் மரபணுத் திரிபுப் பரிசோதனைக்கு வழி இருக்கிறதா?

பெரிய மையம் தொலைவில் இருக்கிறது என்றால் இரண்டு மருத்துவர் ஏற்பாடு நன்றாகவே ஓடும். திட்டம் போடுவதும் மருந்து மாற்றுவதும் நிபுணர். மாதாந்திர ரத்தப் பரிசோதனையும் சில்லறைத் தொந்தரவுகளும் அருகிலுள்ள மருத்துவர். ஆனால் மருந்தை நிறுத்துவதா குறைப்பதா என்பதை இருவரில் யார் சொல்வது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் நிறுத்துவார், மற்றவருக்கு மூன்று மாதம் தெரியாது.

இரண்டாவது கருத்து கேட்பதில் கூச்சம் வேண்டாம். நோய் முற்றிய கட்டம், கர்ப்பம், முதல் மருந்து பலிக்காதது, எலும்பு மஜ்ஜை மாற்று பற்றிய பேச்சு, இந்த நான்கு இடங்களில் கேட்காமல் விடுவதுதான் தவறு. சாதாரண நாட்பட்ட கட்டத்தில் நாலு பேரிடம் கருத்து கேட்டுக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போடுவதும் தவறுதான்.

5. முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

நோய் எந்தக் கட்டம்? ஆபத்து மதிப்பெண் எவ்வளவு? இலக்கு என்ன: நோயை அடக்கி வைத்துச் சாதாரணமாக வாழ்வதா, பிற்காலத்தில் மருந்தையே நிறுத்திப் பார்ப்பதா? எனக்குள்ள மற்ற நோய்களை வைத்து எந்த மருந்தைத் தவிர்க்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியை அப்படியே கேளுங்கள். "எது நல்லது" என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். "எதை ஏன் தவிர்க்கிறீர்கள்" என்று கேட்டால் காரணம் கிடைக்கும்.

குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இன்றே சொல்லுங்கள். இந்த மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடியவை, பாலூட்டும்போதும் கூடாது. முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்பத் திட்டம் போட வழி உண்டு.

6. மருந்துகளை எடைபோடுவது

சி.எம்.எல். மாத்திரைகள் எல்லாமே பிசிஆர்-ஏபிஎல் என்ற பிறழ்ந்த புரதத்தை அடக்குபவை. டி.கே.ஐ. என்பார்கள். முதல் மருந்தாகப் பெரும்பாலும் வருபவை நான்கு: இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப். அசிமினிப் 2021இல் மற்ற மருந்துகளுக்குப் பிறகு தரவும் 2024இல் முதல் மருந்தாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொனாட்டினிப்பை மற்றவை தோற்ற இடத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

"புதியது என்றால் மேலானது" என்ற நினைப்போடுதான் பலர் வருகிறார்கள். டாசாட்டினிப்பும் நிலோட்டினிப்பும் இமாட்டினிப்பை விட வேகமாகவும் ஆழமாகவும் நோயை இறக்குகின்றன, சரி. ஆனால் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இமாட்டினிப்பைப் புதிய நோயாளிகளுக்கு முதல் மருந்தாகக் கொடுத்துப் பரிசோதித்த ஐரிஸ் ஆய்வில், பத்தாண்டு முடிவில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அதனால் ஆபத்து மதிப்பெண் குறைவாகவும் வயது கூடியும் மற்ற நோய்களோடும் இருப்பவருக்கு இமாட்டினிப் எந்த விதத்திலும் இளைத்த தேர்வு அல்ல. மதிப்பெண் அதிகம் என்றாலோ, இளவயதில் மருந்தை ஒருநாள் நிறுத்தும் ஆசை இருந்தாலோ, வேகமான மருந்து பக்கம் தராசு சாயும்.

அடுத்து உங்கள் உடம்பு. இங்கேதான் உண்மையான தேர்வு நடக்கிறது.

இமாட்டினிப்: வழக்கமாக நாளுக்கு 400 மில்லிகிராம். காலையில் கண் இமை உப்புவது, கால் வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, குமட்டல். தொந்தரவுதான், ஆபத்து குறைவு. நீண்ட காலப் பழக்கத்தில் இதன் குணம் மருத்துவர்களுக்கு அத்துப்படி.

டாசாட்டினிப்: நாளுக்கு 100 மில்லிகிராம். நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது இதன் அடையாளம். ஐந்தாண்டுத் தொடர் ஆய்வில் நூற்றுக்கு சுமார் 28 பேருக்கு வந்தது. அரிதாக நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் ஏறும். ஏற்கெனவே நுரையீரல் நோயோ ரத்தக்கசிவுச் சிக்கலோ இருந்தால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

நிலோட்டினிப்: முதல் மருந்தாக 300 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை. இதய மின்துடிப்பை நீட்டிக்கும். அதற்குத்தான் இசிஜி, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம். சர்க்கரை, கொழுப்பு ஏறும். இதயம், மூளை, கால் நாளங்கள் அடைபடும் ஆபத்து வருடங்கள் போகப் போகக் கூடும். சர்க்கரையும் இதய நோயும் உள்ள ஒருவருக்கு இது எழுதப்பட்டால், ஏன் என்று கேட்காமல் நான் ஏற்கமாட்டேன்.

போசுட்டினிப்: முதல் மருந்தாக 400 மில்லிகிராம். முதல் வாரங்களில் வயிற்றுப்போக்கு படுத்தும், பிறகு பெரும்பாலும் அடங்கும். கல்லீரல் என்சைம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பொனாட்டினிப் வலிமையானது, ரத்தநாள அடைப்பு அபாயமும் அதே அளவு பெரியது. டி315ஐ என்ற திரிபு வந்தால் மற்ற மூத்த மருந்துகள் தோற்கும்; பொனாட்டினிப்பும், உயர்ந்த டோஸில் அசிமினிப்பும்தான் வேலை செய்யும்.

ஜெனரிக் மருந்து பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். முறையாக அனுமதி பெற்ற ஜெனரிக் போதுமானது. மாதத்துக்கு ஒரு பிராண்டாக மாறிக்கொண்டிருந்தால், எது மாறியபோது எந்தத் தொந்தரவு வந்தது என்று பிடிக்க முடியாமல் போகும். மாற்றினால் தேதியை எழுதி வையுங்கள்.

7. எப்படிச் சாப்பிடுவது என்பதும் மருந்தின் பாதி

இமாட்டினிப், போசுட்டினிப் இரண்டும் உணவோடு. இமாட்டினிப்புக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரும் வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புரட்டும். டாசாட்டினிப்புக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை. நிலோட்டினிப் கேப்ஸ்யூல் நேர் எதிர்: போடுவதற்கு 2 மணி நேரம் முன்னும், போட்ட பின் 1 மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. உணவோடு போனால் ரத்தத்தில் மருந்தின் அளவு தாறுமாறாக ஏறி இதயத்தைத் தொடும். காலை 7, இரவு 7 என்று வைத்துக்கொண்டால், 5 மணியிலிருந்து 8 மணி வரை இருவேளையும் வாய் கட்ட வேண்டும். ஷிப்ட் வேலையில் இருப்பவரால் இது முடியுமா என்பது மருந்து எழுதும் முன்பே பேச வேண்டிய விஷயம். அசிமினிப்புக்கும் அதே 2 மணி, 1 மணி விதிதான்.

மற்ற மருந்துகளோடு மோதல் இன்னொரு வலை. வாயுத் தொல்லைக்குப் போடும் ஒமிப்ரசோல் வகை மாத்திரை, டாசாட்டினிப் உடலில் சேர்வதையே குறைத்துவிடும். பிசிஆர் இறங்கவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவரின் பையில் அந்த வாயு மாத்திரை இருக்கும்! வலிப்புக்கான ஃபெனிட்டாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை டி.கே.ஐ.யின் அளவை இறக்கும். கிளாரித்ரோமைசின், சில பூஞ்சைக்கொல்லிகள், கிரேப்ஃப்ரூட் பழச்சாறு போன்றவை ஏற்றும். காய்ச்சலுக்குப் போகும் மருத்துவரிடமும் டி.கே.ஐ. பெயரைச் சொல்லுங்கள்.

8. முதல் மூன்று மாதம்

ரத்த எண்ணிக்கை தடாலென்று இறங்கும். நோயுற்ற அணுக்கள் போய் நல்ல அணுக்கள் எழும்ப நேரம் எடுப்பதால் அப்படி. நியூட்ரோஃபில் 1000க்குக் கீழோ பிளேட்லெட் 50,000க்குக் கீழோ போனால் வழக்கமாகச் சில நாள் மருந்தை நிறுத்தி, ஏறியதும் தொடர்வார்கள். அந்த முடிவு மருத்துவருடையது. காய்ச்சல் வந்தால் அன்றே தெரிவியுங்கள்.

சகிக்கக்கூடிய தொந்தரவுகளைச் சகித்துக்கொண்டே இருக்காதீர்கள், சொல்லுங்கள். சொல்லாதவர் என்ன செய்வார் தெரியுமா? ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார். மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் தவறினாலே ஆழமான பலன் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் மாத்திரை மறக்கும் என்பது இந்த நோயின் வேடிக்கை.

9. பிசிஆர் ரிப்போர்ட்டை வாசிப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர். பார்க்க வேண்டியது ஐ.எஸ். சதவீதம் என்ற ஒரு எண்.

3ஆம் மாதம் 10 சதவீதமோ அதற்குக் கீழோ, 6ஆம் மாதம் 1 சதவீதமோ கீழோ, 12ஆம் மாதம் 0.1 சதவீதமோ கீழோ இருந்தால் மருந்து சரியாகப் போகிறது. 6ஆம் மாதத்தில் 10க்கு மேலோ, 12ஆம் மாதத்தில் 1க்கு மேலோ இருந்தால் மருந்து பலிக்கவில்லை என்று கொள்வார்கள். இடையில் இருப்பவை எச்சரிக்கை, பதறாமல் மறுபரிசோதனை.

இதில் 100 சதவீதம் என்பது உங்கள் ஆரம்ப எண் அல்ல, எல்லோருக்கும் பொதுவாக நிர்ணயித்த ஒரு தொடக்கப் புள்ளி. ஆகவே ஒருவர் 60இல் தொடங்கலாம், இன்னொருவர் 130இல் தொடங்கலாம். பக்கத்து நோயாளியின் எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோக வேண்டாம்.

எப்போதும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். ஆய்வகம் மாறினால் எண்ணும் நகரும், நோய் நகராமலே. 0.02 வந்தது அடுத்த முறை 0.04 ஆனால் அது பெரும்பாலும் அளவீட்டின் ஆட்டம். 0.1க்குக் கீழே இருந்தது அதைத் தாண்டி ஏறி, மறுமுறையும் அப்படியே வந்தால் விஷயம் வேறு.

10. மருந்து மாற்றும் முன்

எண் ஏறினால் முதல் கேள்வி உங்களிடமே: மாத்திரை ஒழுங்காகப் போனதா? புதிதாக எந்த மருந்து சேர்ந்தது? இதற்கு நேர்மையான பதில் சொல்லாமல் மருந்தை மாற்றினால், நல்ல மருந்து ஒன்று காரணமில்லாமல் பட்டியலிலிருந்து போய்விடும்.

அந்தக் காரணங்கள் இல்லை என்றால் திரிபுப் பரிசோதனை, அதுவும் மாற்றும் முன். எஃப்317எல் வந்தால் டாசாட்டினிப்பைத் தவிர்ப்பார்கள், ஒய்253எச் வந்தால் நிலோட்டினிப்பை. டி315ஐ பற்றி மேலே சொன்னேன். "இது கேட்கவில்லை, அடுத்ததைப் போடுவோம்" என்று பரிசோதனை இல்லாமல் சொன்னால், ரிப்போர்ட் வரும் வரை பொறுக்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். பக்கவிளைவு தாங்காமல் மாற்றுவது தனிக் கணக்கு. அங்கே திரிபு பார்க்கத் தேவை எழாது.

11. மருந்தை நிறுத்திப் பார்ப்பது

முடியும், எல்லோராலும் அல்ல. நாட்பட்ட கட்டத்தைத் தாண்டாத நோய், வழக்கமான டிரான்ஸ்கிரிப்ட், குறைந்தது மூன்று வருட மருந்து (இமாட்டினிப்புக்கு ஐந்து வருடம் கேட்பவர்களும் உண்டு), அதில் கடைசி இரண்டு வருடமாவது 0.01 சதவீதமோ அதற்குக் கீழோ நிலையாக நின்ற பிசிஆர். இவை இருந்தால் பேச்சைத் தொடங்கலாம். நிறுத்திய முதல் ஆறு மாதம் மாதாமாதம் பிசிஆர் எடுக்க வழி இல்லையென்றால் பேச்சையே எடுக்காதீர்கள். திரும்பி வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆறு மாதத்துக்குள்தான் வருகிறது.

நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மறுபடி தொடங்க வேண்டி வருகிறது. 0.1ஐத் தாண்டியதும் தாமதிக்காமல் தொடங்கினால் ஏறக்குறைய எல்லோருக்கும் நோய் மீண்டும் அடங்கிவிடுகிறது. நிறுத்திய சில வாரங்களில் மூட்டு, தசை வலி வருவது பத்தில் இரண்டு மூன்று பேருக்கு உண்டு. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து பழைய மாத்திரை டப்பாவைத் தேட வேண்டாம். மருத்துவரிடம் வலிக்கு மட்டும் கேளுங்கள், அடுத்த பிசிஆர் தேதியையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.